முன்னறையில் தங்கியிருந்த மாணவன்

ஐப்பசி மழை விடாமல் பிடித்துக்கொண்ட ஒரு பிற்பகலில், என் கணவர் அந்த மாணவனைக் குதிரை வண்டியில் ஏற்றித் தென்னூரில் இருந்த எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தார். வண்டியிலிருந்து முதலில் ஒரு தகரப் பெட்டி இறங்கியது. பிறகு பாயும் தலையணையும். கடைசியாகத்தான் அவன் இறங்கினான். இருபது வயது இருக்கும். போர்வையைக் கழுத்து வரை இழுத்துச் சுற்றியிருந்தான். மழையில் நனைந்த யாரும் நடுங்குவதுபோலத்தான் நடுங்குகிறான் என்று நினைத்துத் துண்டை எடுத்துக் கொடுத்தேன். துடைத்துக்கொண்ட பிறகும் நடுக்கம் நிற்கவில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுப்பகுதி அது. என் கணவர் திருச்சியில் பாதிரிமார் நடத்திய ஒரு கல்லூரியில் பௌதிகம் சொல்லிக்கொடுத்தார். அதே கல்லூரியின் ஹாஸ்டல் பொறுப்பும் அவரிடம் இருந்தது. எங்களுக்கு ஒரே பெண் குழந்தை. அப்போதுதான் தவழ ஆரம்பித்திருந்தாள். முன்னறை, கூடம், சமையலறை, பின்னால் கிணறு, அவ்வளவுதான் வீடு. பெட்டியை முன்னறையில் வைத்துவிட்டு அவர் என் பின்னாலேயே சமையலறைக்கு வந்தார்.

"அந்தப் பையன் அபின் சாப்பிடுறான். ஹாஸ்டல்ல வச்சிருந்தா பெரிய சாமியார் காதுக்குப் போயிடும். அனுப்பிடுவாங்க. படிக்கிற பையன், வீணாப் போயிடக் கூடாது. டாக்டர் சாயபு சரிபண்ணிடலாம்னு சொல்றார். ஆனா ஒரு வீட்டுல வச்சுப் பாத்துக்க ஆள் வேணுமாம்."

"ஆள்னா யாரு?" என்றேன்.

காலையில் போனால் சாயங்காலம்தான் திரும்புகிறவர் அவர். ஆள் யார் என்பதை நானே புரிந்துகொண்டேன்.

அபின் அந்த நாளில் ஒளித்து வாங்கும் பொருள் இல்லை. சர்க்கார் லைசென்ஸ் எடுத்த கடையில் வாழைச்சருகில் மடித்துப் பகிரங்கமாக விற்றார்கள். வயிற்றுப்போக்குக்கு அதுதான் மருந்து. வயல் வேலைக்குப் போகிற பெண்கள் கைக்குழந்தை தூங்குவதற்கு நாக்கில் தடவிவிட்டுப் போவார்கள். அதை ஒரு வியாதி என்று யாரிடமும் சொல்லிவிட முடியாது, சிரிப்பார்கள். இந்தப் பையன் துறையூர்ப் பக்கம் கடலையும் சோளமும் போடுகிற குடும்பத்தில் பிறந்தவன். முதல் வருஷப் பரீட்சை சமயத்தில் வயிறு கெட்டு, யாரோ உறவுக்காரர் கடுகளவு உருட்டிக் கொடுத்திருக்கிறார். வயிறு நின்றது. கூடவே பரீட்சைப் பயமும் நின்றது. அதற்குப் பிறகு வயிறு சரியாக இருந்த நாளிலும் அவனுக்கு அது வேண்டியிருந்தது.

டாக்டர் சாயபு அடுத்த தெருவில் இருந்தார். சர்க்கார் ஆஸ்பத்திரியிலிருந்து ஓய்வு பெற்றவர். வயதானாலும் முதுகு வளையாதவர். அபினை ஒரேயடியாக நிறுத்தினால் உயிருக்கு ஆபத்தாகலாம் என்று சொல்லி, அதையே சாராயத்தில் கரைத்த மருந்தாக ஒரு சின்ன சீசாவில் கொடுத்தார். தண்ணீரில் சொட்டுச் சொட்டாக விட்டு மூன்று வேளையும் நான் கொடுக்க வேண்டும். சொட்டுகளை அவர் சொல்லச் சொல்லக் குறைத்துக்கொண்டே வர வேண்டும்.

"சீசா உங்க கையில மட்டும்தான் இருக்கணும்மா. அவன் அழுவான், கெஞ்சுவான், கோபப்படுவான். மனசு இளகிடாதீங்க. அவன் கெட்டவன் இல்லை. ஆனா கேக்கறது அவன் இல்லை, அந்த அபின். அதையும் ஞாபகம் வச்சுக்குங்க."

சீசாவை அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்தேன். அடுத்த நாள் காலை மருந்து கொடுக்கப் போனபோது அவன் தம்ளரைக் கையில் வாங்கிக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்:

"அக்கா, அதை எங்க வச்சிருக்கீங்கன்னு எனக்குத் தெரியும். இடத்தை மாத்திடுங்க."

முன்னறையில் படுத்துக்கொண்டே, அரிசி சலசலத்த சத்தத்தை வைத்துக் கண்டுபிடித்திருக்கிறான். அதைச் சொல்லியும்விட்டான். சொன்னவனைக் கண்டு பரிதாபப்பட வேண்டுமா, கண்டுபிடித்தவனைக் கண்டு பயப்பட வேண்டுமா என்று தெரியாமல் நின்றேன். அன்று முதல் சீசாவை இடுப்பில் முடிந்துகொண்டேன். குளிக்கப் போகும்போதும் அதை விட்டு வைக்கவில்லை.

அந்த வாரங்களின் சத்தங்கள் இன்னும் என் காதில் இருக்கின்றன. வெளியே மழை. உள்ளே அவனுடைய கொட்டாவி. அது தூக்கத்தில் வருகிற கொட்டாவி அல்ல, தாடை கழன்றுவிடும்போல ஒன்றன்பின் ஒன்றாக வரும். மூக்கும் கண்ணும் ஒழுகிக்கொண்டே இருக்கும். இறகு பிடுங்கிய கோழிபோலத் தோல் புல்லரித்து நிற்கும். கால்கள் தாமாக உதைத்துக்கொண்டு பாயைத் தேய்க்கும். அந்தத் தேய்ப்புச் சத்தம் நின்றால் எனக்கு இன்னும் பயம். கையில் இருப்பதைப் போட்டுவிட்டு எட்டிப் பார்ப்பேன். சில சமயம் அவன் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தெருவையே பார்த்துக்கொண்டு நிற்பான். நான் வந்தது தெரிந்தாலும் திரும்ப மாட்டான்.

பக்கத்து வீட்டுப் பெண்மணி ஒருநாள் கிணற்றடியில் கேட்டாள்: "கைக்குழந்தையை வச்சுக்கிட்டு, புருஷன் இல்லாத நேரத்துல இப்படி ஒரு ஆளை வீட்டுக்குள்ள விட்டிருக்கீங்களே, பயமா இல்லையா?"

"காய்ச்சக்காரப் பையன்தானே" என்றேன். பயமாகத்தான் இருந்தது. சமையலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு ஜெபமாலை சொன்ன மத்தியானங்கள் உண்டு.

ஆனால் குழந்தைக்கு அந்தப் பயம் இல்லை. தவழ்ந்து தவழ்ந்து அவனிடம்தான் போவாள். அவன் நடுங்குகிற விரலால் தகரப் பெட்டியைத் தட்டித் தாளம் போடுவான். அவள் பெட்டியைக் கட்டிக்கொண்டு குதிப்பாள். அப்போது மட்டும் அவன் முகம் ஒரு சாதாரணக் கல்லூரிப் பையனின் முகமாக இருக்கும்.

இடையில் அவனுடைய அப்பா ஊரிலிருந்து வந்து பார்த்தார். பெரிய உடம்பு, வாசலிலேயே நின்றார். "இதுக்குப் போயி டாக்டர் எதுக்குங்க? எங்க ஊர்ல பாதிப் பேரு கொஞ்சம் போடுறதுதான். படிப்பு முடியட்டும், தானா விட்டுடுவான்" என்றார். மகன் தலை குனிந்தபடி கேட்டுக்கொண்டிருந்தான். அவர் போன பிறகு வெகுநேரம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான்.

கார்த்திகை பிறந்ததும் அவன் தேறிவிட்டான். அப்படித்தான் நினைத்தேன். சாயங்காலம் உய்யக்கொண்டான் வாய்க்கால் கரை வரை நடந்துவிட்டு வர டாக்டர் அனுமதி கொடுத்திருந்தார். இரண்டொரு நாள் போய்வந்ததும் மூக்கு ஒழுகுவது நின்றது. கால் அடங்கியது. ரசம் சாதத்தை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். குழந்தையைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு கூடத்தில் நடந்தான். சிரிக்கச் சிரிக்கக் கல்லூரிக் கதை பேசினான். எனக்கு அவ்வளவு சந்தோஷம். டாக்டர் வந்தபோது, நானே ஏதோ சாதித்ததுபோல எல்லாவற்றையும் ஒப்பித்தேன்.

அவர் பதிலுக்குச் சிரிக்கவில்லை. அவனை வெளிச்சத்துக்கு அழைத்துக் கண்மணியைப் பார்த்தார். "மேகமூட்டமா இருக்கு, சரியாத் தெரியலை" என்று முணுமுணுத்தார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு என்னிடம் மட்டும் சொன்னார்:

"இவ்வளவு சீக்கிரம் இப்படி ஆகாதும்மா. கொஞ்சம் கவனிச்சுக்குங்க."

எதைக் கவனிக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சந்தோஷம் போய்விடும் என்று உள்ளூர எனக்குத் தெரிந்திருக்கும்.

அதற்கு அடுத்த நாளோ அதற்கும் மறுநாளோதான் அது நடந்தது. மத்தியானச் சாப்பாடு முடிந்திருந்தது. நான் சமையலறையில் மாவு ஆட்டிக்கொண்டிருந்தேன். அவன் கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்தான். குழந்தை கூடத்துக்கும் முன்னறைக்கும் தவழ்ந்துகொண்டிருந்த சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. எப்போது நின்றது என்று தெரியவில்லை. மாவை வழித்துவிட்டு வந்து பார்த்தால், முன்னறையில் அவனுடைய பாயிலேயே தூங்கிப் போயிருந்தாள். பல் முளைக்கிற நேரம், ஒரு வாரமாக அவளும் தூங்கவில்லை, என்னையும் தூங்கவிடவில்லை. தூக்கித் தூளியில் போட்டேன். பால் கொடுக்கப் பார்த்தேன், வாய் திறக்கவில்லை. தூங்கட்டும், நல்லதாப் போச்சு என்று விட்டுவிட்டேன்.

அவன் ஈர வேட்டியோடு உள்ளே வந்தான். தூளியைக் கடந்து போனவன் நின்றான்.

"குழந்தை எப்போலேருந்து தூங்குது அக்கா?"

"இப்பதான். ஏன்?"

அவன் குனிந்து அவள் மூச்சைக் கேட்டான். பிறகு இமையை விரலால் தூக்கிப் பார்த்தான். எதற்கு இப்படிச் செய்கிறான் என்று எனக்குக் கோபம் வந்தது. அவன் முன்னறைக்கு ஓடினான். தலையணையைப் புரட்டினான். ஓரத்தில் தையல் பிரிந்திருந்தது. பாயின் மேல் வாழைச்சருகுத் துண்டு ஒன்று, எச்சிலில் நனைந்து, பிய்ந்து கிடந்தது.

அவன் போட்ட கூச்சல் மனிதக் குரலாக இல்லை.

"அக்கா, தின்னுட்டா! அபினைத் தின்னுட்டா! நான்தான் வச்சிருந்தேன், நான்தான்!"

நான் அசைவதற்குள் குழந்தையைத் தூளியிலிருந்து வாரி எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டான். ஈர வேட்டி காலைத் தடுக்க, சேற்றில் வழுக்கி, முழங்கால் ஊன்றி, குழந்தையை மட்டும் கீழே படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு எழுந்து ஓடினான். பின்னாலேயே நான் ஓடினேன். அவன் தோளில் என் பெண்ணின் தலை துணிப் பொம்மையின் தலைபோல ஆடிக்கொண்டே போனது. அதைப் பார்த்தபடியே ஓடினேன்.

டாக்டர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அவள் நகங்களைப் பார்த்தார். நீலம் பாய்ந்திருந்தது. மெல்லிய ரப்பர்க் குழாயை அவள் தொண்டைக்குள் விட்டு, கிணற்றுத் தண்ணீரைச் சுத்தப்படுத்தப் போடுவார்களே, அந்த ஊதாநிற மருந்தைக் கரைத்து வயிற்றைக் கழுவினார். வந்த தண்ணீரில் கரும்பழுப்பாக ஏதோ மிதந்தது. கழுவிக்கொண்டே இருந்தார். பிறகு அவளை என் மடியில் போட்டு, "தூங்க மட்டும் விடாதீங்க. உள்ளங்காலைச் சுண்டுங்க. அழ வைங்க. அழுதாத்தான் மூச்சு ஓடும்" என்றார்.

பிறந்த நாளிலிருந்து தூங்கு தூங்கு என்று பாடிய குழந்தையை, அன்று பிற்பகல் முழுவதும் தூங்கவிடாமல் அடித்தேன். பிஞ்சுக் காலை விரலால் சுண்டச் சுண்டச் சிவந்து போயிற்று. அவள் கண் திறக்கும், மேலே செருகும், மூடிக்கொள்ளும். ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவில் நான் மாதாவே மாதாவே என்று முழுதாகச் சொல்லி முடித்துவிடுவேன். டாக்டர் கடுங்காப்பியைப் பஞ்சில் நனைத்து உதட்டில் வைத்துக்கொண்டே இருந்தார். சன்னல் வழியாகப் பார்த்தால் வெளியே கேட் கதவருகில் மழையில் அவன் நின்றுகொண்டிருந்தான். உள்ளே வரவில்லை.

விளக்கு ஏற்றுகிற நேரத்தில் அவள் வீறிட்டு அழுதாள். அழுகை நின்று, மறுபடி அழுதாள். டாக்டர் நாற்காலியில் சாய்ந்து முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். "அல்லா காப்பாத்திட்டான்மா." அப்போதுதான் என் கணவர் விஷயம் கேட்டு ஓடி வந்தார். நான் வெளியே பார்த்தேன். கேட் கதவருகில் யாரும் இல்லை.

என் கணவர் குரல் உயர்த்தியே நான் கேட்டதில்லை. அன்று வீட்டுக்கு வந்ததும் அந்தத் தகரப் பெட்டியைக் காலால் தள்ளினார். "இனி அவன் இந்த வாசல் மிதிக்கக் கூடாது. படிப்பாவது கிடிப்பாவது. எங்கேயோ போகட்டும்." நான் குழந்தையின் மூக்கருகில் விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை குழந்தையைப் பார்க்க வந்த டாக்டர், சும்மா கிடந்த பாயைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "எங்கே அவன்?"

"தெரியாது டாக்டர். தெரிஞ்சுக்கவும் வேணாம்" என்றார் என் கணவர்.

"நேத்து அவன் வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா, குழந்தை தூக்கத்துலயே போயிருக்கும். ஏதோ ஜன்னின்னு நாமளும் அடக்கம் பண்ணியிருப்போம். தன்னைக் காட்டிக்கொடுத்துட்டுத்தான் உங்க பொண்ணை என்கிட்ட தூக்கிட்டு வந்தான். இப்ப கையில மருந்து இல்லை, வெளியில மழை, மனசுல இந்தப் பாரம். அவன் எங்க போவான்னு யோசிச்சீங்களா? ஆத்துல தண்ணி போறதைப் பாத்தீங்கள்ல?"

என் கணவர் என்னைப் பார்த்தார். "போய்த் தேடுங்க" என்றேன். மன்னித்துவிட்டேன் என்பதல்ல. இன்னொரு தாய்க்கு அப்படி ஒரு பிற்பகல் வரக் கூடாது என்று தோன்றியது, அவ்வளவுதான்.

கல்லூரியில் போய் அவனுடைய வகுப்பு மாணவர்களிடம் அவர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அதுவரை மூடி மறைத்த விஷயம். சைக்கிள் வைத்திருந்தவர்கள் ஆளுக்கொரு திக்காகப் போனார்கள். வாய்க்கால் கரை, அபின் கடை வாசல், ஜங்ஷன், காவிரிப் பாலம். அன்று கிடைக்கவில்லை. அதற்கு மறுநாள், ஸ்ரீரங்கத்திலிருந்து கல்லூரிக்கு வரும் ஒரு பையன், அம்மா மண்டபம் படித்துறையில் அவனைப் பார்த்திருக்கிறான். படிகளில் பாதி மூழ்கிப் போயிருந்தன. தண்ணீர் கணுக்காலைத் தொட உட்கார்ந்திருந்தானாம். கூப்பிட்டால் காதில் விழவில்லையாம்.

ஸ்ரீரங்கத்துப் பையன் நேரே எங்கள் வீட்டுக்கு வந்து சொன்னான். "மாமி, கவலைப்படாதேள். எங்காத்துக் கொல்லையில வைக்கோல் போட்டு வைக்கிற அறை ஒண்ணு இருக்கு. அங்கே படுக்க வெச்சிருக்கேன். அம்மா முதல்லே ஆசாரம் அது இதுன்னா. அப்புறம் அவளே கஞ்சி வெச்சுக் கொண்டுவந்து குடுத்தா. பெருமாள் கிருபை, ஆத்தங்கரைப் பக்கம் நான் போனேன்."

எங்கள் வீட்டுக்குத் திரும்பி வரத் துறையூர்ப் பையன் ஒப்பவில்லை. என் கணவர் பெரிய சாமியாரிடம் போய் நின்றார். வேலை போனாலும் போகட்டும் என்றுதான் போனார். அந்த வெள்ளைக்காரச் சாமியார் முழுக்கக் கேட்டுவிட்டு, ஹாஸ்டலின் பின்கட்டில் காய்ச்சல்காரர்களுக்கு என்று இருந்த அறையைத் திறந்துவிடச் சொன்னாராம். அங்கே மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். இந்த முறை மருந்து டாக்டரின் கையில். வகுப்பு மாணவர்கள் முறை வைத்துக்கொண்டு கூடவே இருந்தார்கள். பாடத்தை வாசித்துக் காட்டினார்கள், சட்டையைத் துவைத்துப் போட்டார்கள், அவன் திட்டினால் வாங்கிக்கொண்டார்கள். முன்பு நடக்கப் போகிற சாக்கில் அபின் வாங்கிவந்த வாய்க்கால் கரைக்கு அதன்பின் அவன் தனியாகப் போனதே இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து குழந்தையோடு அங்கே போனேன். அவன் எழுந்து சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றான். குழந்தை அவனைக் கண்டதும் கை நீட்டித் தாவியது.

"வேண்டாம் அக்கா. எங்கிட்டே குடுக்காதீங்க."

நான் கொடுக்கவும் இல்லை. கொடுக்க என் கை வரவில்லை. சற்று நேரம் நின்றுவிட்டு, கொண்டுபோன பலகாரத்தை வைத்துவிட்டு வந்தேன். ஆனால் அடுத்த ஞாயிறும் போனேன். அதற்கடுத்த ஞாயிறும்.

அவன் தேறினான். இந்த முறை மெதுவாக, எரிச்சலும் அழுகையுமாக, நிஜமாகத் தேறினான். பரீட்சை எழுதினான். அந்த அறை பிறகு காலியாகவே இல்லை. விஷயம் மெல்லப் பரவி, மாணவர்கள் என் கணவரிடம் தயங்கித் தயங்கி வந்தார்கள். "சார், என் ரூம்ல ஒருத்தன்..." என்று ஆரம்பிப்பார்கள். எல்லோரும் தேறவில்லை. வையம்பட்டிப் பக்கத்துப் பையன் ஒருவன், ஒரு வாரம் இருந்துவிட்டு, கூட இருந்தவன் குளிக்கப் போன நேரத்தில் வெளியேறிவிட்டான். திண்டுக்கல் ரயிலில் யாரோ பார்த்ததாகச் சொன்னார்கள். அதன் பிறகு ஒன்றும் தெரியவில்லை. அவனுடைய அப்பா வந்து, அவன் விட்டுப்போன சட்டை துணிமணிகளை மடித்து மடித்துப் பையில் வைத்ததை நான் பார்த்தேன்.

துறையூர்ப் பையன் தன் ஊர்ப் பக்கமே பள்ளிக்கூட வாத்தியாராகப் போனான். கல்யாணம் ஆனது. பெண்ணிடம் எல்லாவற்றையும் முன்கூட்டியே சொல்லித்தான் கட்டிக்கொண்டான் என்று கேள்விப்பட்டேன். யுத்த காலம். பெட்ரோல் கிடைக்காமல் பஸ்களெல்லாம் கரிப் புகையில் ஓடிக்கொண்டிருந்தபோது, ஒருநாள் காலையில் அவன் மனைவி தனியாக எங்கள் வீட்டுக்கு வந்தாள். முகத்தில் கரி படிந்திருந்தது. இடுப்பில் ஒரு குழந்தை. யாரென்று சொன்ன பிறகும் உட்காராமல் நின்றாள்.

"மூணு நாளா ராத்தூக்கம் இல்லைங்க. கூடத்துலயே நடக்குறாரு. கேட்டா பல் வலின்னு சொல்றாரு. முகத்தைப் பாக்க விட மாட்டேங்குறாரு." குரல் இறங்கியது. "அக்கா, அது திரும்பி வருமாங்க?"

வராது என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். என் பெண் அப்போது பள்ளிக்கூடம் போகிற வயது. அவள் காய்ச்சலில் கொஞ்சம் கூடுதலாகத் தூங்கினாலும், அபின் ஏறியதுபோலக் கண்மணி சுருங்கியிருக்கிறதா என்று இமையைத் தூக்கிப் பார்க்கிறவள் நான்.

"தெரியலைம்மா. வந்தாலும் வரும். ஆனா நீ வந்து சொல்லிட்டே பாரு, அது போதும். உக்காரு."

என் கணவர் கல்லூரிக்கு லீவு சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸிலேயே துறையூர் கிளம்பினார். டாக்டர் சாயபு அப்போது ரொம்பத் தளர்ந்திருந்தார். தானும் வருவதாகப் பிடிவாதம் பிடித்தார். நான்தான் தடுத்தேன். அந்தப் பெண் அன்று எங்களோடு இருந்தாள். சாப்பிட வைத்தேன். ஒவ்வொரு முறை தெருவில் காலடி கேட்கும்போதும் இரண்டு பேரும் வாசலைப் பார்த்தோம்.

மறுநாள் மத்தியானம் அவர் திரும்பினார். பல் வலிதானாம். தாடை வீங்கி, கடைவாய்ப் பல் சீழ் பிடித்திருக்கிறது. வலிக்கு யாரோ கொடுத்த அபின் உருண்டையைக் கையில் வாங்கி, வீட்டுக்குக் கொண்டுவராமல், பள்ளிக்கூடக் கிணற்றடியில் புதைத்திருக்கிறான். புதைத்த இடத்தை மறக்க முடியாமல்தான் மூன்று நாளாகத் தூக்கம் இல்லை. என் கணவரைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டு அந்த இடத்துக்கு நேரே அழைத்துக்கொண்டு போனானாம். தோண்டி எடுத்து அடுப்பில் போட்டுவிட்டு, பல்லைப் பிடுங்க வைத்துவிட்டு வந்திருக்கிறார்.

"இப்ப எப்படி இருக்கார்?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"தூங்குறான்மா" என்றார்.

அவள் முகம் மாறியதைப் பார்த்துவிட்டு, "நான் இமையைத் தூக்கிப் பாத்துட்டுத்தான் வந்தேன். நல்ல தூக்கம்தான்" என்று அவசரமாகச் சொன்னார். அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு, சாயங்கால பஸ்ஸுக்குக் காத்திராமல் மத்தியான பஸ்ஸுக்கே கிளம்பிவிட்டாள்.